விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை

என் மனைவி செல்வராணி டீ குடிப்பதில்லை. பிடிக்காமல் இல்லை, பிடித்ததால்தான் குடிப்பதில்லை. மூத்தவன் பிரிட்டோ கைக்குழந்தையாக இருந்தபோது காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ராணி கோவிலுக்குப் போய் மாதா முன்னால் முட்டிபோட்டு, பிள்ளை பிழைத்தால் சாகும்வரை டீயைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை பிழைத்தான். இப்போது பெங்களூரில் வேலை, தொப்பை வேறு போட்டுவிட்டான். இவள் மட்டும் வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வடிகட்டியைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்வாள். நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு.

எங்கள் ஆட்களிடம் இது புதிதல்ல. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் ஆளுக்கொன்றை விடுவார்கள். ஒருவர் பீடியை விடுவார், ஒருவர் கறியை விடுவார், ஈஸ்டர் பூசை முடிந்ததும் விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரு பிடி பிடிப்பார்கள். ராணி அப்படி இல்லை. அவள் விட்டால் விட்டதுதான். வீடு கட்டும்போது சுவர் விரிசல் விட்டதற்கு மல்லிகைப்பூவை விட்டாள். என் தம்பிமேல் ஒரு பொய்க் கேசு வந்தபோது பலாப்பழம் போனது. மகள் டெய்சியின் பிளஸ் டூ பரீட்சைக்கு ஆட்டுக்கறி. டெய்சிக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைக்க வேண்டும் என்று, தினமும் பார்த்துக்கொண்டிருந்த டிவி சீரியலைப் பாதியில் விட்டாள். கிணற்றில் தள்ளப்பட்ட அந்தக் கதாநாயகி கரையேறினாளா இல்லையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு கலைச்செல்வி சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள்.

நான் யாகப்பன். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள் என்று கடைத்தெருவே சொல்லும். உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் எனக்கு வந்த கோபம் நியாயமானது.

போன ஐப்பசியில் கடையில் ஒரு லாரி பேட்டரியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, வெளியே பெஞ்சில் ராணி தனியாக உட்கார்ந்திருந்தாள். மாதாவிடம் ஏதாவது பேச வேண்டும். பேச வேண்டுமானால் எதையாவது விட வேண்டும். யோசித்துப் பார்த்திருக்கிறாள். விடுவதற்கு அவளிடம் ஒன்றுமே மிச்சமில்லை. பிடித்ததையெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

கடைசியில் மகளுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். "எம் பொண்ணு அவளுக்கு ரொம்பப் புடிச்சத வுட்டுடுவா. எம் புருசன எனக்குக் குடு." இதுதான் அவள் சொன்னது.

நான் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு டெய்சியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது பரோட்டா என்பது ராணியின் முடிவு. பத்தாவது படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பரோட்டா கேட்டு அடம்பிடித்த பெண் அது. டெய்சி சிரித்துக்கொண்டே, சரிம்மா, இனி பரோட்டா இல்லை என்றாள். அத்தோடு முடிந்தது என்று நானும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

டெய்சி என்ன படிக்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்ல நான் வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. சாணி உருட்டும் வண்டு. புதுச்சேரிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி. மாட்டுக்கு வயிற்றுப்பூச்சிக்காகக் கொடுக்கும் மருந்து சாணியிலும் தங்குகிறதாம். அந்தச் சாணியைத் தின்னும் வண்டு என்ன ஆகிறது, வண்டு குறைந்தால் மண் என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்குப் பின்புறம் மாடு மேயும் தரையில்தான் அவள் வேலை. ஊரில் சிலர் அவளை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் எதிரில் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

சனிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் வருவாள். நான் வண்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, பிறகு மலைப்பக்கம் போவாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். வண்டு, வண்டின் கால், ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்ணின் குறட்டை, கைடு அம்மாவின் கோபம், எல்லாம். காற்றில் பாதிதான் என் காதில் விழும். மீதிக்கு நான் "ம்" என்பேன்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கின வாரம், கலைச்செல்வி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் டெய்சியின் போட்டோ வந்திருக்கிறது. அவர்கள் துறையில் ஆராய்ச்சி செய்பவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பக்கம் போட்டிருக்கிறார்களாம். என்ன ஆராய்ச்சி, என்ன ஆர்வம் என்று மேலே, தனக்குப் பிடித்தவை என்று கீழே. கலைச்செல்வி வங்கியில் வேலை பார்க்கிறவள், இங்கிலீஷை அப்படியே தமிழில் சொல்லக்கூடியவள். நல்ல பெண், வாய் மட்டும் நிற்காது.

ராணி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகளின் ஆர்வங்களைக் கேட்கக் கேட்க முகம் பூரித்துப்போனது. புரியாத இடங்களில் இன்னும் அதிகமாகப் பூரித்தது. பிறகு பிடித்தவை வந்தது. பிடித்த சாப்பாடு: கம்பங்கூழும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். பிடித்த இடம்: செஞ்சியில் மாடு மேயும் தரை. உலகத்திலேயே ரொம்பப் பிடித்தது: மழை பெய்த மறுநாள் புதுச் சாணியின்மேல் வந்து இறங்கும் முதல் வண்டு. அதற்குக் கீழே, பிடிக்காதது என்று ஒரு வரி. பரோட்டா.

கலைச்செல்வி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ராணி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த பூரிப்பு அப்படியே உறைந்துபோய், பிறகு இறங்கியது.

அன்று சாயங்காலம் கோவிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போய்விட்டு வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் என் எதிரில் வந்து நின்றாள். மாதாவை ஏமாற்றிவிட்டோம் என்றாள். பிடிக்காத ஒன்றைக் கொடுத்து உங்கள் உயிரை வாங்கிக்கொண்டோம், இது திருட்டுக்குச் சமம் என்றாள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் எனக்கு மறுபடியும் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதில் என்ன வரப்போகிறதோ என்று அவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. நான் இருமினால் ஓடிவருவாள். நெஞ்சில் கொசு கடித்துச் சொறிந்தால்கூட அவள் முகம் வெளுத்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை டெய்சி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ராணி சொல்லிவிட்டாள்.

"அந்த வண்ட வுட்டுடும்மா."

டெய்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. படிப்பையா விடச் சொல்றே என்று கேட்டாள். ராணி அழ ஆரம்பித்தாள். நான் கத்தினேன். என் உயிருக்கு விலை பேசும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா, கேட்டிருந்தால் நான் போயிருப்பேனே, பெண்ணின் படிப்பைத் தின்றுவிட்டு உயிர் வாழ எனக்கென்ன தலையெழுத்தா என்று கத்தினேன். கத்தக் கத்த ராணி நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் நெஞ்சை. அந்தக் கத்தலிலேயே நான் போய்விடுவேனோ என்று அவளுக்குப் பயம். அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் அடங்கிவிட்டது.

ஒரு விஷயம் அப்போதே எனக்குத் தெரியும், கோபத்தில் சொல்லவில்லை. டெய்சியின் படிப்பு ராணிக்கும் உயிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் என் பொண்ணு டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது என்று சொல்லாமல் அவள் இறங்கியதில்லை. என்ன படிப்பு என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் இருமுவாள். அந்தப் படிப்பைத்தான் இப்போது விடச் சொல்கிறாள். எவ்வளவு பயந்திருந்தால் அது வாயில் வந்திருக்கும்?

டெய்சி தாய்க்குத் தப்பாத பிடிவாதக்காரி. ஞாயிறு பூசை முடிந்து கிளம்பும்போது ராணியை உட்காரவைத்து, மாதாவிடம் என்ன சொன்னாய், ஒரு வார்த்தை மாற்றாமல் சொல் என்றாள். ராணி சொன்னாள்.

"வண்டுன்னு சொன்னியா?"

"இல்ல. ரொம்பப் புடிச்சதுன்னுதான் சொன்னேன்."

"அப்போ ரொம்பப் புடிச்சது எதுன்னு நான்தான சொல்லணும். அந்தப் பக்கத்துல போட்டது ஊருக்குக் காட்டறதுக்கும்மா. எல்லாத்தையுமா அதுல போடுவாங்க?"

எதுவென்று சொல்லவில்லை. உண்மையாகவே விடுகிறேன், இந்தத் தடவை பொய் கிடையாது என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வண்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருவண்ணாமலை போகும் பஸ் உள்ளே வந்தது. டெய்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். செஞ்சி ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று ஜன்னலைத் தட்டினேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கோட்டைக்கு டிக்கெட் வாங்கிட்டேன் நைனா."

"வீட்டுக்கு வரல?"

"வண்டில ஏற மாட்டேன். அதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. உன் வண்டில பின்னால உக்காந்து வீட்டுக்கு வர்றது."

வேலையை முடித்துவிட்டு அங்கிருந்தே பஸ் பிடித்து ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன் என்றாள். இனி பஸ் ஸ்டாண்டுக்கு வராதே, பார்த்தால் பாதி கிடைத்த மாதிரி ஆகிவிடும், அம்மா கொடுத்த வாக்கு பாதியாகிவிடும் என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் நிமிர்ந்துதான் இருந்தது. பஸ் கிளம்பியது. அந்த ஓட்டை வண்டியில் என்ன இருக்கிறது? சைலன்சர் கரகரக்கும், பின்சீட்டில் ரெக்சின் கிழிந்து நார் குத்தும். எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான் என்பதை அந்த பஸ் போன பிறகுதான் நான் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ராணி நம்பவில்லை. வண்டியில் வருவதா? அதுவா? நெத்திலிக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு எத்தனை சனிக்கிழமை காத்திருந்தேன், அது இல்லையா என்று கேட்டாள். கேட்டபோது குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. நம்மை மடக்குவதற்காகச் செய்கிறாள், சின்னதாக ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்றும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன் என்று தெரிந்தவளுக்கு, நான் கத்தாமல் இருந்தது பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் கடையைப் பூட்டிவிட்டு மலைக்குப் பின்னால் போனேன். டெய்சி தரையில் குந்தியிருந்தாள். வரிசையாகச் சாணி உருண்டைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சியில் கட்டின சிவப்புத் துணி. மாடு மேய்க்க வந்த ஒரு பெண்மணி சற்றுத் தள்ளி நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் டெய்சி எழுந்தாள். முகம் மலர்ந்து உடனே சுருங்கிவிட்டது. போ நைனா, இதெல்லாம் கணக்கில் சேரும் என்றாள். மழையில்லாததால் வண்டு வரவே இல்லை என்று சொல்ல ஆரம்பித்து, அதைச் சொன்னால் வண்டியில் பேசுவதுபோல ஆகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் திரும்பி நடந்தேன். ஸ்டென்ட் வைத்த இடத்தில் வலியில்லை, அதைச் சுற்றி எல்லா இடத்திலும் வலித்தது.

திண்டிவனம் ரோட்டில் என் கடையைத் தாண்டித்தான் அந்த பஸ் வர வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குத்தானே வரக் கூடாது, என் கடை வாசலில் நிற்பதை யார் தடுக்க முடியும் என்று சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு வெளியே வந்து நிற்பேன். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேனை ஒரு சாக்குக்காகக் கையில் வைத்துக்கொள்வேன். ஜன்னலில் அவள் முகம் தெரியும். பாதிக் கையைத் தூக்குவாள், தூக்கினது தப்பென்று இறக்கிவிடுவாள். பஸ் போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் சனிக்கிழமை, ராணி எனக்குக் காலைச் சாப்பாடும் ஒரு பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் சீக்கிரமே கிளம்பிவிட்டதால் கொண்டுவந்தாள். அவள் உள்ளே தூக்கை வைத்துவிட்டுத் திரும்பும்போது பஸ் வந்தது. நான் கேனோடு வெளியே போனேன். வழக்கம்போல டெய்சி கையைத் தூக்கினாள், இறக்கினாள். பஸ் போனது. நான் திரும்பியபோது ராணி கடை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அதைச் சரிசெய்யவும் தோன்றவில்லை.

ராணி உள்ளே வந்தாள். தூக்கைத் திறந்து இட்லியை எனக்கு எடுத்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். டீயை ஊற்றப்போனவள் ஊற்றாமல் பிளாஸ்க்கை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க."

"எங்க?"

"எடுங்கன்னா எடுங்க."

கடையைப் பக்கத்துக் கடைக்காரர் இளையபெருமாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ராணி என் வண்டியில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாள். கோவிலுக்கு, ரேஷனுக்கு, கல்யாணத்துக்கு. எப்போதும் ஏதோ ஒரு அவசரம், மடியில் ஒரு மூட்டை, மெதுவாப் போங்க என்பதைத் தவிரப் பேச்சில்லை. அன்று மடியில் பிளாஸ்க் மட்டும்தான். கொஞ்ச தூரம் சும்மா வந்தாள். பிறகு, இந்தச் சீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது, நார் குத்துகிறது என்றாள். நான் "ம்" என்றேன்.

கடைத்தெரு தாண்டியதும் காற்று வந்தது. ராணி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ராத்திரி கண்ட கனவு, கலைச்செல்வி வீட்டுப் பூனை குட்டி போட்டது, கோவிலில் குருத்து பின்ன ஆளில்லாதது, பிரிட்டோவுக்குப் பெண் பார்ப்பது, சின்ன வயதில் அவளுடைய அப்பா சைக்கிளில் அவளை முன்னால் வைத்துக்கொண்டு அவலூர்பேட்டை சந்தைக்குக் கூட்டிப்போனது. பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கேட்காத இடத்துக்கெல்லாம் "ம்" போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு பேச்சு அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்தால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அது சிடுசிடுவென்று இருக்கும், பேச்சு நின்றுவிடும். இங்கே என் முதுகுதான் இருக்கிறது. முதுகுக்குக் கோபம் தெரியாது.

கோட்டைக்குக் கிட்டே வந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. முதுகில் அவள் நெற்றி வந்து படிந்தது. பின்னால் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுதானா," என்றாள். "இதயா நான் எம் பொண்ணுகிட்டேர்ந்து எடுத்துக்கினேன்?"

வண்டியை மண்பாதையில் இறக்கி, மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். டெய்சி வெயிலில் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். இருவரையும் பார்த்ததும் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடிவந்தாள். பிறகு நான் நன்றாக இருப்பதைப் பார்த்து நின்றாள். ஏன் வந்தீர்கள், கணக்கில் சேரும் என்று மறுபடியும் அதையே சொல்லத் தொடங்கினாள்.

ராணி அவளைப் பேசவிடவில்லை. சாணி உருண்டைகளைத் தாண்டி, ஒன்றையும் மிதிக்காமல் சேலையைத் தூக்கிப்பிடித்து நடந்து, ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினாள். டெய்சிக்குத்தான் தரப்போகிறாள் என்று நானும் நினைத்தேன், டெய்சியும் கையை நீட்டினாள்.

ராணி அதைத் தன் வாயில் வைத்துக் குடித்தாள்.

ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். டெய்சி, "அம்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து அவள் பார்க்காத காட்சி அது.

"அந்த வாக்கு வேணாம்னு மாதாகிட்ட நேத்து சிலுவைப் பாதையிலயே சொல்லிட்டேன்," என்றாள் ராணி. "நேத்து சொன்னப்போ பாதி மனசு. இப்போ முழு மனசு. ஆளத் திருப்பிக் குடுத்தாங்க, சரி. அந்த ஆளு ரோட்டுல கேன வச்சிக்கினு அப்பிடி ஒரு மூஞ்சோட நிக்கிறத்துக்கா நான் கேட்டேன்? வண்டும் வேணாம், வண்டியும் வேணாம், எதையும் நீ வுட வேணாம், இனிமே நானும் வுடல. நான் சொன்னது தப்பு. உன்னுதக் குடுக்க நான் யாரு?"

"எக்கோ எடுக்கணுமேம்மா," என்றாள் டெய்சி மெல்ல.

"எடுக்கணும்." ராணி இன்னொரு மடக்கு குடித்தாள். "பயமாத்தான் இருக்குது. ரொம்ப பயமா இருக்குது. பயந்துக்கினே இருந்துக்கறேன்."

டெய்சி போய் அவள் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கையெல்லாம் சாணி. ராணி அதைப் பார்த்தும் விலகவில்லை. நல்ல சேலை அது. நான் கொஞ்சம் தள்ளிப்போய் மலையைப் பார்ப்பதுபோல நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

டீ எப்படி இருக்கிறது என்று டெய்சி கேட்டாள். ராணி சற்று யோசித்தாள். சர்க்கரை கம்மி என்றாள். இத்தனை வருடமாக எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுக் கொடுத்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, அந்தச் சிவப்புத் துணி எதற்கு, இந்த உருண்டைக்கும் அந்த உருண்டைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். டெய்சி ஒவ்வொன்றாகக் காட்டினாள். மருந்து கொடுத்த மாட்டுச் சாணி அப்படியே காய்ந்து வரட்டி மாதிரி கிடந்தது. மற்றதில் அடியில் துளை விழுந்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது. மழையில்லாத இந்த நாளில்கூட ஒரே ஒரு வண்டு இருந்தது, கறுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ராணி குனிந்து அதை வெகுநேரம் பார்த்தாள். அழகாத்தான் இருக்குது என்றாள். பஸ்ஸில் இனி இருமமாட்டாள் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது ராணி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். எங்கே என்று கேட்டேன். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வண்டியில் வாருங்கள், அது அவள் சீட்டு என்றாள். சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வண்டியின் பின்சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள், வடிகட்டியைப் பார்ப்பதுபோல.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை ஒன்று பிடித்துப்போய், அதற்குள் விட்டுக்கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

"ராணி, ஒழுங்கா ஏறு. மூணு பேரும் போறோம்."

"போலீஸ் புடிப்பாங்க."

"புடிக்கட்டும். ஏறு."

டெய்சி நடுவில் உட்கார்ந்தாள், ராணி கடைசியில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வண்டி முனகிக்கொண்டு கிளம்பியது. மண்பாதை முடிந்து ரோட்டில் ஏறியதும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி வண்டைப் பற்றி, இன்னொருத்தி கிணற்றில் விழுந்த அந்தக் கதாநாயகியைப் பற்றி. அவள் கரையேறினாளா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து "ம்" என்றேன்.